கண்ணெதிரே ஒரு வெட்டு

டோக்கியோவில் அதற்கு மேடை, ஒலிபெருக்கி, கைதட்டல். மும்பை மீன் சந்தைகளில் அது அன்றாடப் பிழைப்பு. பெரிய மீனை நாலு பேர் பார்க்க வெட்டுவது வெறும் வேடிக்கையா?

ஞாயிற்றுக்கிழமை காலை. மாட்டுங்கா மேற்கில் ஊரே ‘சிட்டிலைட் மார்க்கெட்’ என்று அழைக்கும் கோபி டேங்க் முனிசிபல் சந்தை. மேடை மீது காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார் ஒரு கோலி மீனவப் பெண்மணி. காதிலும் கழுத்திலும் தங்கம், கொண்டையில் பூ. முன்னால் கிடக்கிறது ஏழெட்டுக் கிலோ தேறக்கூடிய சுர்மயி. சென்னைக்காரர்களுக்கு அது வஞ்சரம். திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சீலா. பேரம் முடிந்தாகிவிட்டது. வாங்கியவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். ஆனால் நகரவில்லை. அவர் மட்டுமல்ல, மீன் வாங்காத நாலு பேரும் நகரவில்லை.

வஞ்சரத்தில் செதில் சுரண்டும் வேலை பெரிதாகக் கிடையாது. துடுப்புகள் போகின்றன. வயிறு திறக்கிறது. குடல் ஒரே இழுப்பில் வெளியே வந்து பக்கெட்டில் விழுகிறது. செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு; தலை தனி. பிறகு அரிவாள்மணைப் பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மீனை இரு கையாலும் அலகின் மீது தள்ளத் தள்ள, ஒரே கனத்தில் துண்டங்கள் விழுகின்றன. நடு முள் தடித்த இடத்தில் மட்டும் கொய்தாவால் ஒரு போடு. மொத்தம் சில நிமிடங்கள். வேடிக்கை பார்த்தவர்கள் கலைகிறார்கள். யாரும் கைதட்டவில்லை.

இதே காரியத்துக்கு ஜப்பானில் கைதட்டுகிறார்கள். ‘மகுரோ கைதாய் ஷோ’ என்று அதற்குப் பெயர். மகுரோ என்றால் சூரை. கைதாய் என்றால் பிரித்தெடுத்தல். பெரிய கடைகள், ஓட்டல்கள், கல்யாண மண்டபங்கள் என்று பல இடங்களில் இந்தக் காட்சி நடக்கிறது. நீலத்துடுப்புச் சூரை என்பது சாமானிய மீனல்ல. இருநூறு கிலோவைத் தாண்டுவது அதற்குச் சர்வசாதாரணம். அதைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தி, வெள்ளை உடுப்பணிந்த சமையல் கலைஞர் ஒருவர் ஏறத்தாழ வாள் போலவே இருக்கும் கத்தியை எடுப்பார். இந்த ரகக் கத்திகளில் ஒன்றரை மீட்டர் நீளம் வரை உண்டு. நீளமானவற்றைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். தலை முதலில். பிறகு முதுகுப் பக்கம் இரண்டு, வயிற்றுப் பக்கம் இரண்டு என நான்கு பாளங்கள். மிச்சம் எலும்புக்கூடு. ஆக ஐந்து பாகம். எலும்பிடுக்கில் ஒட்டியிருக்கும் சதையை நடுவர் போல ஒருவர் நின்று காட்ட, கரண்டியாலோ சிப்பி ஓட்டாலோ சுரண்டி எடுத்துக் கூட்டத்துக்குக் கொடுப்பார்கள். இடையில் எடை எவ்வளவு என்று யூகிக்கும் போட்டி, தலையை ஏலம் விடும் கூத்து எல்லாம் உண்டு.

அதிகம் விலை போவது அடிவயிற்றின் கொழுப்புச் சதை. ஜப்பானியர் அதை ‘ஓதோரோ’ என்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அவர்களே இதைத் தீண்டத் தயங்கினார்கள் என்பது தமாஷ். பூனைகூடத் தாண்டிப் போய்விடும் என்று கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். குளிர்சாதன வசதி வந்தது, நாக்கு மாறியது, விலை ஏறியது.

எந்த அளவுக்கு ஏறியது? டோக்கியோவின் பழைய சுகிஜி சந்தை 2018 அக்டோபரில் டோயோசுவுக்கு இடம் மாறியது. அங்கே 2019 ஜனவரியில் நடந்த முதல் புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரு சூரையை 33.36 கோடி யென்னுக்கு எடுத்தார், ‘சுஷி ஸன்மாய்’ உணவகங்களின் அதிபர் கியோஷி கிமுரா. அன்றைய மதிப்பில் இருபது கோடி ரூபாய்க்கும் மேல். 2026 ஜனவரியில் 243 கிலோ மீன் ஒன்றுக்கு 51.03 கோடி யென் கொடுத்துத் தன் சாதனையைத் தானே முறியடித்தார். அந்த மீனைத் தின்று லாபம் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். கடை வாசலில், காமிராக்களுக்கு முன்னால் அதை வெட்டுவதில்தான் லாபம்.

ஸ்பெயினின் காடிஸ் கடற்கரையிலும் இதற்கு உறவான ஒரு காட்சி உண்டு. நிலைவலையில் பிடித்த சூரையைப் பொது இடத்தில் வைத்துப் பிரிப்பார்கள். பெயர் ‘ரோன்கேயோ’, குறட்டை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கத்தி முதுகெலும்பின் மீது உரசிக்கொண்டு போகும்போது எழும் ஓசையாம் அது.

சூரைக்கு இவ்வளவு மரியாதையா என்று சசூன் டாக் வியாபாரி சிரிக்கக்கூடும். மராத்தியில் அது குப்பா. கறுத்த ரத்தச் சதை என்று மும்பைக்காரர்கள் அதை இரண்டாம் தரமாகவே வைத்திருக்கிறார்கள். பாப்லெட்டுக்கும் சுர்மயிக்கும் ராவஸுக்கும் கிடைக்கிற இடம் அதற்கு இல்லை. தமிழ்நாட்டிலும் சூரை மலிவு மீன்தான். மினிக்காய்த் தீவில் தூண்டிலால் பிடித்து, அவித்து, புகைபோட்டு, காயவைத்து மாசியாக்கிய பிறகே அது பலருடைய சமையலறைக்குள் வருகிறது. இந்தியக் கடலில் பிடிபடுவது டோக்கியோவில் ஏலம் போகும் நீலத்துடுப்பு அல்ல, அதன் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். ஆனால் விலை வித்தியாசத்துக்கு ஜாதி மட்டும் காரணமில்லை. தூண்டிலில் மாட்டிய சூரை திமிறத் திமிற அதன் உடல் சூடேறி, சதை வெந்தது போல் வெளிறிவிடும். அதனால் பச்சையாகத் தின்பவர்களுக்கு மீன் பிடிக்கும் படகில், மேலே தூக்கிய உடனே மூளையில் ஆணி இறக்கிக் கொன்று, ரத்தத்தை வடித்து, பனிக்கட்டி நீரில் அமிழ்த்திவிடுகிறார்கள். குளிர் தப்பினால் சதையில் ஹிஸ்டமின் சேரும். சமைத்தாலும் அது போகாது; தின்றவருக்கு முகம் சிவந்து, தலை வலிக்கும். மேடையில் கத்தி பளபளப்பதற்கு நடுக்கடலில் செய்த வேலைதான் முதல். வாரக்கணக்கில் கடலில் கிடந்து திரும்பும் படகின் அடித்தளத்தில் இருந்து எடுத்த சூரையை வைத்துக்கொண்டு அப்படி ஒரு காட்சி நடத்த முடியாது.

ஆனால் காட்சி என்று வந்துவிட்டால் தமிழ்நாடும் சளைத்ததில்லை. சென்னை காசிமேட்டில் மீன் விற்பது ஒரு தொழில், வெட்டித் தருவது வேறு தொழில். வாங்கிய மீனைத் தூக்கிக்கொண்டு வெட்டுகிறவரிடம் போகவேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. புளியமரக் கட்டை, கனத்த கத்தி, கத்தியின் முதுகில் தட்டுவதற்கு ஓர் உருட்டுக்கட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நிற்கும். இந்தக் கட்டைகளுக்கு முன்னால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கைபேசிக் காமிராக்கள் வந்து சேர்ந்தன. ஆளுயர மயில்மீனையும் கேரையையும் திருக்கையையும் துண்டு போடும் படங்களை யூடியூபில் லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். இலங்கையின் நீர்கொழும்பிலிருந்தும் இதே ரகப் படங்கள் வருகின்றன. பார்ப்பவர்களில் பலர் வாழ்க்கையில் ஒரு மீனையும் கழுவியிராதவர்கள். சிலர் சைவமாகவும் இருக்கலாம், யார் கண்டது?

மும்பைச் சந்தைகளில் பார்ப்பவர்களுக்கு இந்த ரசனை இரண்டாம் பட்சம். அவர்கள் பார்ப்பது கணக்கு. செவுள் சிவப்பாக இருக்கிறதா, அல்லது ரத்தம் தடவியிருக்கிறதா? வயிறு திறந்தபோது குடல் கரைந்து போயிருக்கிறதா? முள் சதையை விட்டு எளிதில் கழன்று வந்தால் மீன் பழசு. நிறுத்த மீன்தானா வெட்டுப்படுகிறது? தராசிலிருந்து பலகைக்குப் போகும் இரண்டடி தூரத்தில் மீன் மாறிவிடும் என்ற பயம் எந்த ஊர்ச் சந்தைக்கும் பொது. சினை இருந்தால் அது வாங்கியவருக்குத்தான், தலையும் அப்படியே. தாராவித் தமிழருக்குத் தலை குழம்புக்கு வேண்டும். வறுவலுக்கு என்றால் துண்டம் மெல்லியதாக, குழம்புக்கு என்றால் கனமாக. ‘மௌசி, பத்லா’ என்று அரைகுறை மராத்தியில் சொன்னாலும் விஷயம் போய்ச் சேரும். பாங்டா என்றால் அயிலை, ஹல்வா என்றால் கறுப்பு வவ்வால், போம்பில் என்றால் வங்கராவாசி, முஷி என்றால் புட்டுக்கு ஆகும் சுறா. மும்பைக்கு வந்த தமிழர்கள் பலருக்கு மராத்திப் பாடம் தொடங்குவது மீன் மேடைக்கு முன்னால்தான்.

ஆக, இங்கே பகிரங்கமாக வெட்டுவது ஒரு ரசீது. நான் ஏமாற்றவில்லை என்று விற்பவர் எழுதிக்கொடுக்காமல் கொடுக்கும் சீட்டு.

எந்த மீன் கண்ணெதிரே வெட்டுப்படுவதில்லை என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். மும்பையில் கோல், ராமநாதபுரத்தில் கூறல். 2021 ஆகஸ்ட் இறுதியில், மழைக்காலத் தடை முடிந்து கடலுக்குப் போன பால்கர் மாவட்டத்து முர்பே கிராமப் படகு ஒன்றின் வலையில் சுமார் 150 கோல் மீன்கள் சேர்ந்தாற்போல் விழுந்தன. ஏலத்தில் கிடைத்தது 1.33 கோடி ரூபாய். அதே கிராமத்தில் 2018ல் முப்பது கிலோ எடையுள்ள ஒற்றைக் கோல் ஐந்தரை லட்ச ரூபாய்க்குப் போனது. சதை ருசிதான், ஆனால் இந்தப் பணம் சதைக்கு அல்ல, வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கு. மும்பை மீன்காரர்கள் அதைப் ‘போத்’ என்கிறார்கள். காயவைத்தால் ஹாங்காங், சிங்கப்பூர் பக்கம் சூப்புக்கும் மருந்துக்கும் போகிறது. கிழிந்தால் விலை சரிந்துவிடும் என்பதால் அதை எடுப்பது பழகிய கையின் வேலை. அந்த வெட்டு வியாபாரிகளின் இடத்தில் நடந்து முடிந்துவிடும். சந்தைக்கு வரும் கோல் துண்டம் தன் புதையலைத் தொலைத்துவிட்டு வருவது.

புதிய மோகம் என்று இதை நினைக்க வேண்டாம். 1842லேயே லண்டனில் ஜான் ஃபோர்ப்ஸ் ராய்ல், இந்தியக் கரைகளில் கிடைக்கும் மீன் பசையைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டார். பியரைத் தெளியவைக்க அப்போது மீனின் காற்றுப்பை தேவைப்பட்டது. வெள்ளைக்காரன் குவளையில் மிதந்த தூசியை அடியில் இறக்க நம் கடல் மீன் பயன்பட்டிருக்கிறது. 2023 நவம்பரில் குஜராத் அரசு கோலைத் தன் மாநில மீனாக அறிவித்தது. மகாராஷ்டிரம் அதே ஆண்டு செப்டம்பரில் பாப்லெட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது.

அதே குஜராத்தில், வெராவல் கரையில், ஒரு காலத்தில் வேறு விதமான வெட்டு நடந்தது. கடல் மீன்களிலேயே மிகப் பெரிய திமிங்கலச் சுறாவைக் கொக்கி போட்டு இழுத்துவந்து, கரையில் வைத்துக் கூறு போட்டார்கள். ஈரல் எண்ணெய் படகுகளுக்குப் பூச ஆயிற்று; 1990களில் சதைக்கு வெளிநாட்டுச் சந்தையும் கிடைத்தபின் வேட்டை வேகம் பிடித்தது. கூட்டம் நின்று பார்த்தது, கூலிக்காரர்கள் அந்த மலையின் மீது ஏறி நின்று வெட்டினார்கள். அதைப் படம் பிடித்தவர் மைக் பாண்டே. ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்ற அந்தப் படம் 2000ல் வந்தது. 2001ல் திமிங்கலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. புலிக்கும் யானைக்கும் இருக்கிற பாதுகாப்பு ஒரு மீனுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. 2004 முதல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையின் இயக்கத்தில் மொராரி பாபுவும் சேர்ந்துகொண்டு, பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வரும் மகள் என்று அந்தச் சுறாவைப் பற்றி மீனவர்களிடம் பேசினார். வலையில் மாட்டினால் வலையை அறுத்துவிட்டு விடுவிக்கும் பழக்கம் அதன்பின் வந்தது. கத்தி அதே கத்தி, கூட்டம் அதே கூட்டம். பார்த்த கண் வேறாக இருந்தது.

அதே 2001ல் பாதுகாக்கப்பட்டவற்றில் வேளாச் சுறாக்களும் உண்டு. நீண்ட ரம்பம் போல் மூக்கு நீண்டவை. சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை பேசுகிறது. அது இந்த ரம்ப மூக்காகத்தான் இருக்கவேண்டும் என்று கருதுவோர் உண்டு. சாமியாக நட்ட கொம்பு பிறகு வீட்டுச் சுவரில் அலங்காரமாகத் தொங்கியது. இப்போது அதை வைத்திருந்தால் வழக்கு.

பெரிய மீன் குறைந்துவருவது மேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. 2023ல் மகாராஷ்டிரம் 54 வகை மீன்களுக்கு, இதைவிடச் சிறியதைப் பிடிக்கக்கூடாது என்று அளவு குறித்தது. கேரளம் அதற்கு முன்பே செய்துவிட்ட காரியம். விதி புத்தகத்தில் இருக்கிறது. கையகலச் சுர்மயிக் குஞ்சும் சந்தையில் இருக்கிறது. குஞ்சுக்கு வெட்டும் தேவையில்லை, பார்வையாளரும் தேவையில்லை.

கோலி மக்களுக்கு மீன் மட்டும் தூரம் போகவில்லை. தாராவியை இன்று தோலுக்கும் மண்பாண்டத்துக்கும் இட்லிக்கும் அறிந்தவர்கள் அதிகம். ஆனால் 1909ஆம் ஆண்டு பம்பாய் கெஜட்டியர், தீவின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத்தான் அதைக் குறிப்பிடுகிறது. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் குடியேறிய சதுப்பு நிலத்துக்கு ஓரத்தில் ஒரு மீனவக் கிராமம் ஏற்கெனவே இருந்தது. மாகிம் கழிமுகம் மண் கொட்டித் தூர்ந்து, மிட்டி ஆறு சாக்கடையானபின் அங்கே வலை வீச ஒன்றுமில்லை. செம்பூருக்கு அப்பால் மாகுலிலும் டிராம்பேயிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்துச் சேற்றில் இன்னும் படகுகள் நிற்கின்றன. தாராவிக் கோலிவாடாப் பெண்களுக்கு மீன் வரவேண்டுமென்றால் விடியுமுன் சசூன் டாக்குக்கோ பாவ்சா தக்காவுக்கோ போகவேண்டும். 1875ல் கொலாபாவில் பஞ்சு மூட்டை இறக்கக் கட்டிய சசூன் டாக்கில் இன்று இறங்குவது மீனும் இறாலும். 2017ல் ஓவியர்கள் அங்கே வந்து கோலிப் பெண்களின் முகங்களைச் சுவர் உயரத்துக்கு வரைந்து வைத்தார்கள். கண்காட்சிக்கு நல்ல கூட்டம். வந்தவர்களில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

நடுவில் சந்தைகள் இடம் மாற்றப்படுகின்றன. தாதரில் சேனாபதி பாபட் சாலையோரம் இருந்த மீனாதாய் தாக்கரே மீன் சந்தையை மாநகராட்சி 2021ல் இடித்தது. மாற்று இடமாகச் சொல்லப்பட்டது ஐரோலி. தலையில் கூடையுடன் மின்சார ரயில் ஏறும் பெண்ணுக்கு ஐரோலி என்பது ஏறக்குறைய அடுத்த ஊர். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலம் 2022 நவம்பரில் முடிந்தபின் கோலிவாடாவிலும் அதே கவலை. நாங்கள் குடிசை போட்டவர்கள் அல்ல, பட்டா உள்ள கிராமத்தார், எங்கள் எல்லையை முதலில் அளந்து தனியே வையுங்கள் என்பது அவர்களுடைய வாதம்.

அதைவிடச் சத்தமில்லாத போட்டி ஒன்று வாடிக்கையாளரின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. 2015ல் பெங்களூரில் தொடங்கிய லிசியஸ் போன்ற நிறுவனங்கள் கைபேசியில் பொத்தானை அழுத்தினால் மீனைக் கழுவி, வெட்டி, எடை போட்டு, பிளாஸ்டிக் உறையில் வீட்டு வாசலுக்கே அனுப்புகின்றன. 2020 ஊரடங்கு பலருக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. நாற்றமில்லை, பேரமில்லை, ஈரத் தரையில் வேட்டியைத் தூக்கிப் பிடிக்கவேண்டியதில்லை. கண் எப்படி இருந்தது, செவுள் என்ன நிறம் என்பதற்குப் பதிலாக உறையில் ஒரு தேதி. தலை எங்கே போனது என்று கேட்க ஆளில்லை. செம்பூர் அடுக்குமாடிகளில், மீன் வெட்டும் வாடை மேலே வரக்கூடாது என்று நினைக்கிற அண்டை வீட்டாருக்கும் இது சௌகரியம். வயதான மீன்காரிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையில் இரண்டு மூன்று வீடு குறைகிறது. அவருடைய மகள் படித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். போகட்டும் என்பதுதான் பெரும்பாலான தாய்மார்களின் விருப்பமும். முழங்கால் வலியும், விரலில் மாறாத தழும்பும், மூன்று மணிக்கு எழுவதும் தன்னோடு முடியட்டும் என்பதில் என்ன தவறு? அரிவாள்மணையைப் பிடிக்க யாரும் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

டோக்கியோக்காரர்கள் இதைக் கண்டுகொண்டதுதான் கெட்டிக்காரத்தனம். அங்கேயும் மீன் உறைக்குள்தான் வந்துசேர்கிறது. மூலைக்கு மூலை இருந்த மீன்கடைகள் குறைந்துவிட்டன. முழு மீனைப் பார்க்காத தலைமுறைக்கு அதை மேடையில் ஏற்றிக் காட்டினால் கூட்டம் சேரும் என்று புரிந்துகொண்டார்கள். ஒரு சந்தர்ப்பத்தில் கூட்டம் மிதமிஞ்சிப் போய், சுகிஜி ஏலக்கூடத்தில் சுற்றுலாப் பயணிகள் மீனைத் தொட்டும் கட்டிக்கொண்டும் தொல்லை செய்ததால், 2008 டிசம்பரில் சில வாரங்கள் அவர்களுக்குத் தடையே விதிக்க நேர்ந்தது. டோயோசுவில் இப்போது பெரும்பாலும் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று பார்க்கவேண்டும்.

சிட்டிலைட்டில் கண்ணாடி இல்லை. பதினொரு மணிக்குப் பெரிய சுர்மயி எல்லாம் தீர்ந்து, மேடையில் பாங்டாவும் கொஞ்சம் இறாலும் மிச்சம். தமிழ்க் குடும்பம் ஒன்று வருகிறது. பத்து வயதுப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பின்னால் ஒளிகிறான். மீன்காரப் பெண்மணி பலகைக்கு அடியிலிருந்து, யாருக்கோ எடுத்துவைத்து அவர் வராமல் போன ஒரு ராவஸை, தமிழில் காலாவை, வெளியே எடுக்கிறார். மூன்று கிலோ இருக்கும். செவுளைத் தூக்கிக் காட்டுகிறார். விலை சொல்கிறார். அப்பா பாதி விலைக்குக் கேட்கிறார். அவர் மீனைத் திரும்ப வைக்கிறார். இவர் இரண்டடி நடக்கிறார். அவர் கூப்பிடுகிறார். தராசு, பணம், அரிவாள்மணை. செதில்கள் தெறிக்கத் தொடங்கியதும் பையன் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓரடி முன்னால் வந்து நிற்கிறான்.